பொண்டாட்டி நீங்கலாக

என் அப்பா மயில்சாமி முதன்முதலில் மனித இரத்தம் குடித்தது எங்கள் ஊர் டீக்கடையில், விடியற்காலைக் கூட்டத்துக்கு நடுவே, வலது கையில் டீ கிளாஸைப் பிடித்தபடி, இடது கையால் டீ மாஸ்டர் குப்புராசின் முழங்கையைத் தன் வாய்க்கு இழுத்து. கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள், நகர்ந்து இடம் விட்டார்கள், அவர் குடித்து முடித்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டதும் ஒருவர் மட்டும், "என்ன மயிலு, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். குப்புராசு கடிவாயில் காப்பித்தூளை அப்பிக்கொண்டு அடுத்த டீயை ஆற்றப் போனார். சாயங்காலம் கட்டுப்போட்ட கையோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவர் அப்பாவைக் கூப்பிடவில்லை, அம்மாவைக் கூப்பிட்டார். "கோவிச்சுக்காதீங்க அம்மிணி, கொஞ்சம் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். கடித்தவர் உள்ளே கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருக்க, பார்த்துக்கொள்ள வேண்டியவள் அம்மா. என் கோபம் அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் ஆறவில்லை.

அப்பா நடித்த படத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தேடிப்பிடித்துக் கை குலுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அப்பா கண்ணாலேயே நடித்திருக்கிறார், அந்தத் தவிப்பை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்கிறார்கள். எங்கிருந்து எடுத்தார் என்று எனக்குத் தெரியாது, பின்னால் அதை எங்கே தீர்த்துக்கொண்டார் என்று நன்றாகத் தெரியும், ஏனென்றால் அம்மாவின் கையில் அந்த இடத்துக்கு நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டுவேன்.

எங்கள் ஊர் ஊசிப்பாளையம். எந்தத் தெருவில் நின்றாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும், சத்தத்தில் தூங்கிப் பழகிய குழந்தைகள் கரண்டு போய்த் தறி நின்றால்தான் எழுந்து அழும். அந்த ஊருக்குச் சென்னையிலிருந்து இனியன் என்ற டைரக்டர் ஒரு வேனில் ஒரு கேமராவையும் ஏழெட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். இரத்தக் காட்டேரிப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னார். ஆனால் பேய்ப்படம் இல்லையாம், குடிநோயைப் பற்றிய படமாம், படத்தில் இரத்தம் என்று வருவதெல்லாம் சாராயம்தானாம், ஒரு மனிதன் தன் தாகத்துக்கு எப்படி அடிமையாகிறான் என்பதுதான் கதையாம். டீக்கடையில் எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள், ஆட்டிய தலைகளில் பாதி அந்நேரத்துக்கே போதையில் இருந்தன.

சென்னையிலிருந்து வந்த கதாநாயகன் எங்கள் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டான். தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த இனியனுக்கு முன்னால், தறியில் ஏற்றுகிற நூல் பாவைத் தோளில் சுமந்துகொண்டு அப்பா குடோனுக்குள் போனார். ஒட்டிய கன்னம், ஷிப்டு பார்த்துப் பார்த்துச் சிவந்த கண், நிலைப்படியில் குனிந்து நுழையும் உயரம். மேக்கப்புக்கு வேலையே இல்லை என்று இனியன் துள்ளினார். அப்பா அதுவரை பீடியைக்கூடத் தொட்டதில்லை, டீயில்கூட சர்க்கரை கம்மியாகக் கேட்பவர், அம்மாவுக்கு மல்லிகைப்பூ வாங்கிவந்தால் அதை நேராகக் கொடுக்கக் கூச்சப்பட்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போகிறவர். இதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று நினைத்து நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள்.

குடிக்கிற காட்சிகளுக்கு முதலில் நன்னாரி சர்பத்தில் கலர்ப்பொடி கலந்தார்கள். கேமராவில் அது சர்பத்தாகவே தெரிந்தது. அப்புறம் கறிக்கடையிலிருந்து தூக்குப்போசியில் ஆட்டு இரத்தம் வந்தது, எங்கள் பக்கம் இரத்தப் பொரியல் சாப்பிடாத வீடு குறைவு என்பதால் யாரும் முகம் சுளிக்கவில்லை. வெளிச்சம் போச்சு, மறுபடி குடிங்கண்ணா, முகத்தில் இன்னும் வெறி வேண்டும், மறுபடி குடிங்கண்ணா என்று இனியன் சொல்லச் சொல்ல அப்பா குடித்தார், வாந்தியெடுத்துவிட்டுக் குடித்தார், வாந்தி வராமல் குடித்தார், கடைசியில் கேமரா ஓடாதபோதும் தூக்குப்போசி எங்கே என்று தேடினார். படப்பிடிப்பு முடிகிற வாரத்தில் அவருடைய இரண்டு கோரைப்பற்களும் வளர்ந்து கீழுதட்டில் வந்து உட்கார்ந்தன. இனியன் அந்தப் பற்களைத் தொட்டுப்பார்த்தார், ஆட்டிப்பார்த்தார், அசையவில்லை என்றதும் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பல் செட்டுக்கு அலைகிற வேலை மிச்சம்.

கடைசி நாள் படப்பிடிப்பில் பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிப்பது சினிமாக்காரர்கள் எல்லோரும் செய்கிற வழக்கம். லைட் பிடிக்கிறவர்கள் பூசணிக்காயும் குங்குமமும் வாங்கித் தயாராக வைத்திருந்தார்கள். இனியனுக்கு அதெல்லாம் மூடநம்பிக்கை, வேண்டாம் என்றுவிட்டார். எல்லோரும் கைதட்டிவிட்டு வேனில் ஏறிப் போனார்கள், அப்பா தெருமுனை வரை கூடப் போய் வழியனுப்பினார். மறுநாள்தான் டீக்கடை.

அதற்குப் பிறகு வெயில் அவருக்கு ஆகவில்லை, பட்ட இடமெல்லாம் கொப்பளித்தது. தறி ஓனர் நாச்சிமுத்து அவருக்கு நிரந்தர இராத்திரி ஷிப்டு கொடுத்தார். அப்பா நின்ற தறியில் நூல் அறுவதே இல்லை, கண் அசராமல் எட்டுத் தறியை ஒற்றை ஆளாகப் பார்த்தார், துணி பிசிறில்லாமல் இறங்கியது. ஷிப்டு முடிந்து போகும் வழியில் எதிர்ப்பட்டவர்களை அவர் கடித்தார், ஊர் கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டது, மெடிக்கல் ஷாப்காரர் பிளாஸ்திரியை உள் அலமாரியிலிருந்து எடுத்து முன்னால் தொங்கவிட்டார். கடிபட்ட ஒவ்வொருவரும் அம்மாவிடம் வந்தார்கள். கொஞ்சம் பாத்துக்குங்க. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. நேரத்துக்குச் சோறு போட்டீங்கன்னா ஏன் இப்படி வெளிய கை வெக்கறாரு. அப்பாவிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை, அவரைப் பார்த்ததும், "படம் எப்ப வருதுங்க?" என்று கேட்டார்கள்.

ஊர் கூடிப் பேசியது. காரணம் பூசணிக்காய்தான் என்று முடிவானது. உடைக்காததால் படப்பிடிப்பு இன்னும் முடியவில்லை, முடியாததால் மயில்சாமி அந்த வேஷத்திலிருந்து இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறான், பாவம். இனியனுக்குப் போன் போட்டார்கள், அவர் அடுத்த கதை விவாதத்தில் இருந்தார், நீங்களே ஒன்று உடைத்துவிடுங்கள் என்றார். இருட்டிய பிறகு முச்சந்தியில் அப்பாவை நிற்க வைத்து, சந்தையிலேயே பெரிய பூசணிக்காயைக் குடைந்து குங்குமம் நிரப்பி, கற்பூரம் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றி நாச்சிமுத்துவே ஓங்கி உடைத்தார். அப்பா சிதறிக் கிடந்த சிவப்பைப் பார்த்தார், குனிந்து மோந்தார், நிமிர்ந்து நாச்சிமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்துக் கடித்தார்.

ஓனரையே கடித்தபிறகுதான் விஷயம் கோயிலுக்குப் போனது. ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் முனியப்பன் இருக்கிறார், குடிகாரர்கள் கையில் கயிறு கட்டிச் சத்தியம் செய்கிற இடம், கட்டிய கயிற்றை மீறினால் கண் அவிந்துவிடும் என்பதில் எங்கள் பக்கம் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் எங்கள் முனியப்பன் நெளிவுசுளிவு தெரிந்தவர். பூசாரி கயிற்றைக் கையில் எடுத்ததும் வழக்கமாக ஒன்று கேட்பார்: எதெது நீங்கலாக? ஆடி நோம்பி நீங்கலாக, மச்சினன் கல்யாணம் நீங்கலாக, மில் லீவு நாள் நீங்கலாக என்று குடிகாரர்கள் சொல்லச் சொல்ல அவர் அதைச் சாமி காதில் போட்டுவிட்டுக் கயிறு கட்டுவார். அன்று இராத்திரியும் பழக்க தோஷத்தில் அப்பாவைப் பார்த்து, "எதெது நீங்கலாகப்பா?" என்று கேட்டுவிட்டார்.

அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அவர் பேசியிருக்கலாம். ஒன்றும் நீங்கலாக இல்லை, மொத்தமாகக் கட்டுங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"ஒரேமுட்டா நிறுத்துனா கைகால் வெட்டி இழுத்துக்கும்," என்றார் நாச்சிமுத்து, மணிக்கட்டுக் கட்டைத் தடவிக்கொண்டே. "அப்புறம் எட்டுத் தறிய எவன் பாக்கறது? ஏதோ ஒண்ணு விட்டுவெக்கோணுமுங்க."

அப்பாவின் அக்கா ருக்குமணி அத்தைதான் வழி சொன்னாள். "பொண்டாட்டி நீங்கலாகன்னு போடுங்க சாமி. ஊட்டுக்குள்ள நடக்கறது ஊட்டுக்குள்ளயே இருக்கட்டும். ஊரு நிம்மதியா இருக்குமில்ல."

அங்கே நின்ற அத்தனை பேருக்கும் மூச்சு சீராக வந்ததை நான் என் காதால் கேட்டேன். அம்மா தேங்காய்ப் பழத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவே இல்லை. பொண்டாட்டி நீங்கலாக எவர் இரத்தமும் தொடமாட்டான் என்று பூசாரி சாமியிடம் சத்தமாகச் சொன்னார், யாரோ மணியை அடித்தார்கள், கயிறு கட்டியாயிற்று. சாமிக்கும் ஆட்சேபனை இருந்ததாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஊர் துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு வெறுங்கழுத்தோடு நடந்தது. ஷிப்டு முடிந்து வருகிற அப்பாவுக்கு அம்மா கையைக் கொடுத்தாள், இடது கை புண்ணானால் வலது கையைக் கொடுத்தாள், அவர் குடிக்கும்போது சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்ததும் அவர் அழுவார். நாளையிலிருந்து தொடமாட்டேன் துளசி, இந்தப் புள்ள மேல சத்தியம் என்று என் தலையில் கை வைப்பார், அந்தக் கையில் ஈரம் இருக்கும். மறுநாள் அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல் கால் ஆட்டிக்கொண்டிருப்பார், அந்தக் கால் ஆட்டுகிற சத்தம் தாங்காமல் அம்மாவே எழுந்து வருவாள். அவர் கேட்டதே இல்லை, அவளேதான் கொடுத்தாள் என்று அத்தை பின்னால் ஊரெல்லாம் சொன்னது இதைத்தான்.

ஊருக்கு அம்மாமேல் பிரியம் பொங்கியது. முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தார்கள், பீட்ரூட் கொடுத்தார்கள், பேரீச்சம்பழம் கொடுத்தார்கள், ஆடு அறுக்கிற ஞாயிற்றுக்கிழமை இரத்தம் ஊறட்டும் என்று சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலைத் தனியாக எடுத்து வைத்துக் கொடுத்தார்கள். சுகாதார நிலையத்து நர்ஸ் இரும்புச்சத்து மாத்திரை அட்டைகளைக் கைநிறையத் திணித்து, வெறும் வயிற்றில் போடாதீர்கள் என்று அன்பாகச் சொன்னார். மகளிர் குழு ஆண்டு விழாவில் பொறுமைக்கு இலக்கணம் என்று சொல்லி அம்மாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். ஒரு மாட்டைக் கறவைக்காகத் தீனி போட்டு வளர்க்கிற அக்கறை அது, நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

பிறகு அம்மா கண்ணாடியில் தெரிவது குறைந்துகொண்டே வந்தது. படத்தில் அப்பா கண்ணாடியில் தெரியக் கூடாது என்பதற்காக இனியன் ஒரு பகல் முழுக்கக் கஷ்டப்பட்டிருந்தார், வீட்டில் அப்பா கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தார், கன்னத்தில் சதை போட்டு மீசை முறுக்கினார். அம்மாதான் முதலில் மங்கலானாள், அப்புறம் விளிம்பு மட்டும் தெரிந்தது, கடைசியில் கண்ணாடியில் ஒரு பொட்டும் ஒரு தாலியும் மட்டும் மிதந்தன. நான் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிவந்து காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "பொட்டக் கொஞ்சம் பெருசா வெச்சுக்கங்க, நல்லாத் தெரியும்," என்றாள். அதற்குப் பிறகு அம்மாவுக்குத் தலை பின்னிவிடுவது நான் என்று ஆனது.

நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் பழைய கயிற்றை அவிழ்த்துப் புதுக்கயிறு கட்ட வேண்டும். அம்மா எழுந்து நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, அப்பா பாதிக் குடியில் வாயை எடுத்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்பதுபோல் கையைப் பார்ப்பார். அத்தை ஒரு பை நிறைய மாதுளம்பழத்தோடு வந்தாள். பையை அம்மா பக்கம் வைக்கவில்லை, என் பக்கம் வைத்தாள்.

"இந்த வாட்டி பொண்டாட்டி புள்ள நீங்கலாகன்னு போட்டுக்கலாமுன்னு பேசியிருக்குதுங்க," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என் தலையைத் தடவினாள். "பெத்த அப்பனுக்குத்தான கண்ணு? மாசாமாசம் வீணாத்தானே போகுது."

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "இன்னொருக்காச் சொல்லுங்க," என்றாள்.

"என்னத்த?"

"இப்பச் சொன்னீங்களே, அத."

அத்தை ஒரு மாதுளம்பழத்தை எடுத்து உரித்து என் கையில் வைத்தாள். நான் அதை அவள் மடியில் போட்டுவிட்டு எழுந்தேன்.

ஆடிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இனியன் படத்தோடு வந்தார். எங்கோ வெளிநாட்டில் அதற்குப் பரிசு கிடைத்திருந்தது, படம் பிறந்த ஊரில் முதலில் காட்ட வேண்டும் என்று கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். பட்டப்பகலில் ஜன்னல்களை ஜமுக்காளத்தால் மூடி இருட்டாக்கினார்கள், அப்பாவை மூடிய வேனில் கூட்டிவந்து வாசலில் பந்தல் போட்டு இறக்கி முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள், பின்பக்கச் சமையல்கட்டில் ஊருக்கே சாப்பாடு வெந்துகொண்டிருந்தது.

படம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. படத்தில் அப்பா தாகத்தில் துடித்தார், தன்னையே வெறுத்தார், இருட்டில் சுவரில் தலையை முட்டிக்கொண்டார், அவர் வீட்டுக்காரியாக ஒரு சென்னைப் பெண் வந்து பேசாமல் கையை நீட்டினாள், நீட்டிய கை மட்டும் நெருக்கத்தில் தெரிந்தது. கடைசியில், இனிமேல் அவளை வாட்ட மாட்டேன் என்று முடிவெடுத்து, கதவைத் திறந்து உச்சி வெயிலில் இறங்கி நடந்து, நடந்து, புகையாகிக் கரைந்தார். மண்டபமே அழுதது. நாச்சிமுத்து கர்ச்சீப்பை எடுத்தார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எல்லோரையும்விட அதிகமாக அழுதது அப்பாதான், தன்னைப் பார்த்துத் தானே விம்மி விம்மி அழுதார்.

இனியன் மைக்கைப் பிடித்து, குடிநோயாளியை வெறுக்காதீர்கள், அவனுக்குள் இருக்கிற வலியைப் பாருங்கள் என்று பேசினார். யாராவது கேள்வி கேட்கலாம் என்றார். அம்மா எழுந்து நின்றாள். நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க தம்பி, அந்தப் புள்ள பேரு என்னங்க?"

"எந்தப் புள்ளைங்கம்மா?"

"கையக் குடுத்துதே, அந்தப் புள்ள."

இனியன் திரும்பி உதவி டைரக்டரைப் பார்த்தார். "அந்தக் கேரக்டருக்குப் பேரு வைக்கலைங்கம்மா. அவங்க எல்லாப் பெண்களுக்கும் பொதுவா…"

அம்மா முழுதாகக் கேட்கவில்லை. என் தோளைப் பிடித்தபடியே நடந்து முதல் வரிசைக்குப் போய் அப்பாவுக்கு முன்னால் நின்றாள். அவ்வளவு மெல்லப் பேசினாள், ஆனாலும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஏனுங்க, படத்துல அவ்வளவு அழகா நடந்து போனீங்களே. இப்பவும் உச்சி வெயிலுதான். வாங்க. நானும் கூட வாரேன்."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை.

"அது நடிப்பு, துளசி," என்றார்.

"புருசனச் சாவச் சொல்றா பாருங்க," என்று அத்தை பின்னாலிருந்து சொன்னாள், அந்தப் பேச்சு மண்டபத்தில் வரிசை வரிசையாகப் பரவியது. இவ்வளவு நாள் பொறுத்தவள், இன்றைக்கு இப்படிப் பேசிவிட்டாளே என்று எல்லோருக்கும் வருத்தம். அம்மா முதல் வரிசையை ஒட்டியிருந்த பக்கவாட்டுக் கதவின் இரண்டு பக்கத்தையும் இழுத்துத் திறந்தாள். ஒரு பாய் அகலத்துக்கு வெயில் உள்ளே வந்து விழுந்தது. அப்பா காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். உடனே பத்துப் பேர் எழுந்தார்கள், துண்டை விரித்தார்கள், ஜமுக்காளத்தைப் பிய்த்தார்கள், பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி மறைத்தார்கள், அவர்மேல் ஒரு பொட்டு வெயில் படாமல் சுற்றி நின்று காத்தார்கள். ஒருநாள்கூட அம்மாவுக்காக அசையாத கைகள் அவ்வளவு வேகமாக வேலை செய்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாங்கள் வெயிலில் இறங்கி நடந்தோம். அப்பாவால் எங்கள் பின்னால் வர முடியாது. மற்றவர்களால் முடியும், வெயில் அவர்களை ஒன்றும் செய்யாது, ஆனாலும் ஒருவரும் வரவில்லை. உள்ளே இலை போட ஆரம்பித்திருந்தார்கள்.

கரூரில் அம்மாவுக்குக் கொசுவலை தைக்கிற வேலை கிடைத்தது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், நாங்களும் சிரித்திருக்கிறோம். அங்கே வாடகை அறையில் மாட்டியிருந்த கண்ணாடியில் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள், முதலில் முழங்கை வந்தது, பிறகு காது, ஒரு காலையில் முழு முகமும் வந்து நின்றது, அவள் தன் முகத்தைப் பார்த்து, இவ்வளவு நரைத்துவிட்டதா என்றாள்.

ஊரில் அப்பா வற்றத் தொடங்கியிருந்தார். ஆடி வந்தது, கயிறு மாற்ற முனியப்பன் கோயிலில் எல்லோரும் கூடினார்கள், பூசாரி எதெது நீங்கலாக என்று கேட்டார், அவரவர் வீட்டைச் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால் பொண்டாட்டி நீங்கலாக என்று பழையபடியே கட்டினார்கள். கட்டிவிட்டு, இல்லாத பொண்டாட்டிக்கு வழி பார்த்தார்கள். துளசிமணி ஓடிப்போனவள் என்று பேசித் தீர்த்து, அந்தியூருக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு கூலிக்கார வீட்டில் பெண் நிச்சயம் செய்தார்கள். இதையெல்லாம் எங்களுக்குப் போனில் சொன்னது குப்புராசு.

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. சின்னப் புள்ளைங்க அது, எனக்கு மனசு கேக்கல. நீங்க நெனச்சா நிறுத்திப்போடலாம்."

"நான் என்ன பண்ணோணும்?" என்றாள் அம்மா.

"நீங்க திரும்பி வந்துட்டீங்கன்னா அந்தப் புள்ள தப்பிச்சுக்கும்."

அம்மா போனைக் கீழே வைத்தாள். பிறகு முறுக்கிப் பிழிந்த துணியைக் கொடியில் உதறிப் போட்டுவிட்டு, "கெளம்பு மோகனா," என்றாள்.

மலையடிவாரத்து வீடு ஓட்டு வீடு, சுண்ணாம்பு அடித்து முன்னால் புதுப்பந்தல் போட்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா எங்களைச் சொந்தக்காரர்கள் என்று நினைத்துப் பாயை விரித்துத் தண்ணீர் கொடுத்தார். மாப்பிள்ளையைப் பற்றி அம்மா கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"நெம்ப நல்ல மனுசனுங்க. எங்களுக்குப் போன்ல படம் போட்டுக் காட்டுனாங்க, பாத்துட்டு ஊட்டுல எல்லாரும் அழுதாங்க. கட்டுனவ விட்டுட்டு ஓடிட்டாளாமா, பாவம்."

"நான்தானுங்க அந்தக் கட்டுனவ," என்றாள் அம்மா.

இரண்டு ஜாக்கெட் கைகளையும் மேலே ஏற்றிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து தோள்பட்டை வரை ஒட்டு ஒட்டாகத் தழும்பு, ஒரு விரல் வைக்க நல்ல தோல் கிடையாது. அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு பார்வையை எடுத்துப் பந்தல் காலில் வைத்துக்கொண்டு, "எங்க புள்ள பொறுமைங்க. சமாளிச்சுக்கும்," என்றார்.

எனக்கு வாயில் வந்ததை எல்லாம் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை, பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் வெளியே வந்தாள். கனகா என்று பெயர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், கையில் அப்போதுதான் அடுக்கிய புது வளையல். அம்மாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அந்தத் தழும்புகளைப் பார்த்தாள். தொடவில்லை.

"வலிக்குமாக்கா?" என்று கேட்டாள்.

கீரை கொடுத்தவர்கள் கேட்கவில்லை, சால்வை போர்த்தியவர்கள் கேட்கவில்லை, மாத்திரை கொடுத்த நர்ஸ் கேட்கவில்லை, அதைப் படமாகவே எடுத்தவர் கேட்கவில்லை. மண்டபத்தில்கூட அழாத அம்மா அங்கே பாயில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வலிக்கும் சாமி," என்றாள். "தெனமும் வலிக்கும்."

கனகா உள்ளே போனாள். வளையல்களைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு ஜவுளிக்கடைப் பையில் இரண்டு சேலையைத் திணித்து எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவளுடைய அப்பா எழுந்து வாசலில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார், ஊரில் என்ன பேசுவார்கள், பந்தல் போட்டாயிற்றே, சத்தியம் பண்ணியிருக்கிறோமே என்று ஏதேதோ சொன்னார். அம்மா என் தோளைப் பிடிக்காமல் தானே எழுந்து நின்றாள்.

"வழிய உடுங்க," என்றாள்.

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு நகர்ந்து நின்றார்.